நோன்பிருந்த மல்லிகை

நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் கும்பா ஒன்று என்னிடம் இருக்கிறது. விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் இருக்கும் மாடி வீட்டில் மல்லிகைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். மாசி மாதத்தில் ஏற்காட்டு மலைப் பக்கம் மேகம் கறுத்தால் எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை. எழுந்து போய்ச் செடியைப் பார்க்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடியும் போகிறேன். இந்தத் தவிப்பு என்னுடையது அல்ல. கும்பாவோடு சேர்த்து அண்ணியிடமிருந்து வந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து, அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணன் நூல் மில்லில் மேஸ்திரி. அண்ணிக்கு நாமக்கல் பக்கத்துக் கிராமம். எங்களைப் போலவே மாதா கோயில் குடும்பம்தான், ஆனால் பேச்சு முழுக்கக் கொங்குப் பேச்சு. என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நாங்கள் நாத்தனாரும் அண்ணியுமாக இருந்ததைவிட, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களைப் போல அடித்துக்கொண்டும் சேர்ந்துகொண்டும் இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணிக்கு இரண்டு முறை பிள்ளை தங்காமல் போயிருந்தது. மூன்றாம் முறை உண்டானதும் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். இந்தப் பிள்ளை தங்கினால், வருகிற பாஸ்காத் திருநாளன்று, இயேசு உயிர்த்த ஞாயிறன்று, கோயில் பீடத்துக்குத் தன் கையால் வளர்த்த மல்லிகைதான், அதில் கடையில் வாங்கிய மொட்டு ஒன்றுகூட இருக்காது என்று. பிள்ளை பிறக்கப்போவதோ வைகாசியில். பிள்ளை வருவதற்கு முன்னாலேயே பூ வைக்கிறேன் என்று எதற்கு நேர்ந்தாய் என்று கேட்டேன். "அதுவரைக்கும் தங்கோணுமில்ல அம்மிணி" என்றார். 

பாஸ்கா வருடா வருடம் தேதி மாறும் திருநாள். அந்த ஆண்டு சித்திரைக்குத் தள்ளிப் போயிருந்தது. அண்ணி அதற்கேற்பத் தையில் செடியைக் கவாத்து செய்து, இலையெல்லாம் உருவி, தண்ணீர் காட்டாமல் காயப்போட்டார். நிதானமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு போனால் பங்குனிக் கடைசியில் மொட்டு வைத்து, சித்திரையில் சரம் சரமாகக் கொட்டும் என்பது கணக்கு. புறக்கடையில் முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்தாலும் அவருக்குக் கண் அந்த ஒரே செடியின்மேல்தான். மருத்துவச்சி அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருந்தார். காவலுக்கு நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம் அண்ணி பொடக்காலி என்று சொல்லும் புறக்கடையிலிருந்து கட்டில்வரை வந்திருக்கும். கட்டிலில் ஒன்றும் தெரியாதவரைப் போலப் போர்த்திப் படுத்திருப்பார்.

மாசிக் கடைசியில், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த வாரமே, யாரும் எதிர்பாராமல் மழை கொட்டியது. காலையில் பனி, மத்தியானம் வெயில் என்றிருந்த நாட்கள் ஒரே மழையில் தலைகீழாகிவிட்டன. வேம்பு அவசர அவசரமாகத் துளிர்த்தது. முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொண்டன. அண்ணன் பந்தத்தைக் கொளுத்திக் கருக்கினார். மல்லிகையும் காத்திருக்கவில்லை. பங்குனி பிறந்ததுமே செடி முழுக்க மொட்டு.

பாஸ்காவரைக்கும் நீளும் அந்தத் தவக்கால நோன்பில் எங்கள் வீட்டுப் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. பீடத்திலும் பூ கிடையாது. வைக்காத பூவைப் பறிப்பானேன் என்று அண்ணி ஒரு மொட்டையும் தொடவிடவில்லை. பக்கத்து வீட்டு நெசவுக்காரர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆசையாகக் கேட்டார்.

"நீங்கதான் வெக்கறதில்லயே, எனக்காச்சும் ரெண்டு முழம் குடுங்களேன்."

"மாதாவுக்கு நேர்ந்த செடிங்க. கோவிச்சுக்காதீங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார்.

பூக்கள் செடியிலேயே விரிந்து, பழுத்து, வேரடியில் உதிர்ந்து அழுகின. வாசனை தலையைச் சுற்றியது. பின்னால் வரும் மொட்டு பாஸ்காவுக்கு ஆகும் என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. பின்னால் வந்த மொட்டுகள் வெளுக்காமல் ஊதா நிறத்தில் சுருண்டன. அண்ணி ஒன்றைப் பறித்து நகத்தால் பிளந்தார். உள்ளே நூல் போலப் பச்சைப் புழு நெளிந்தது. இன்னொன்று, அதிலும் புழு. கும்பா நிறையப் பறித்துப் பறித்துப் பிளந்துகொண்டிருந்தவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வயித்துலயே தங்காதவளுக்குச் செடியில மட்டும் தங்குமாக்கும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைக் கழுவு என்று கத்திவிட்டு, உள்ளே போய் நானும் அழுதேன். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் அசைவு கொஞ்சம் நின்றாலும் செடியிடம் ஓடுவார். செடியைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தொடுவார். அண்ணனுக்குப் புழுவும் பிடிபடவில்லை, அழுகையும் பிடிபடவில்லை. மில்லுக்குச் சீக்கிரமாகவே கிளம்பிப் போனார்.

பாஸ்காவை ஒட்டிய பெரிய வாரத்துக்கு முந்தின வாரம் பங்குச் சாமியார் வீடு சந்திக்க வந்தார். வேடிக்கையாகப் பேசும் முரட்டு மனிதர். அண்ணி, "தோத்திரஞ் சாமி" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினார். சாமியார் எழுந்து புறக்கடைக்குப் போய், செடியையும் அடியில் அழுகிக் கிடந்த பூக்களையும் பார்த்தார்.

"ஏம்மா, நோன்பு நீ இருக்கவேண்டியது. செடியை எதுக்குப் பிடிச்சு நோன்புல உட்கார வெச்சிருக்க? பூத்ததைப் பறிக்காம விட்டா புழு வந்து குடியிருக்காதா?"

"அப்ப மாதா என்மேல கோவமா இல்லீங்களா சாமி?"

"பூவைப் பறிக்காத கோவம் அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்குத்தான் இருக்கும்."

அண்ணி சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அன்று மத்தியானமே வேலை ஆரம்பித்தது. நெசவுக்காரர் மனைவி வேலியைத் தாண்டி வந்துவிட்டார். நானும் அவருமாக மொட்டுகளையெல்லாம் பறித்து, கொழுந்துகளைக் கிள்ளி, உதிர்ந்ததைக் கூட்டிக் கொளுத்தினோம். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் கிளை, இந்தக் கிளை என்று எங்களைப் பாடாய்ப் படுத்தினார். செடி மொட்டையாக நின்றது. பாஸ்காவுக்கு நாள் போதாது என்று மூவருக்குமே தெரியும். 

குருத்து ஞாயிறு போயிற்று. பெரிய வெள்ளி போயிற்று. வெயில் தீயாகக் காய்ந்தது. செடியில் தளிர் வந்து, தளிர் நுனியில் கடுகளவு பச்சை மொட்டுகள் வந்திருந்தன. அவ்வளவுதான். கடையில் வாங்கிக்கொள்ளலாம், மாதா ஒன்றும் சொல்லமாட்டார் என்று அண்ணன் கெஞ்சினார். அண்ணி காதில் வாங்கவில்லை.

திருநாள் காலையில் அண்ணி பச்சை மொட்டோடு சில கொத்துகளைக் கிள்ளி, இந்தக் கும்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நோன்பு முடியும்வரை மாதா சிலை முதலான சுரூபங்களை மூடியிருந்த ஊதாத் துணியெல்லாம் எடுத்தாயிற்று. பீடம் முழுக்கச் சரமும் மாலையுமாக வெள்ளை வெளேரென்று இருந்தது. பீடத்தை அலங்கரித்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை கும்பாவை எட்டிப்பார்த்தார்.

"என்னம்மா இது, வெறும் தழையைக் கொண்டாந்திருக்க?"

அண்ணி தலை குனியவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இனிமேத்தானுங்க பூக்கும்" என்றார்.

கோயில்பிள்ளை அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு பெரிய மாலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கும்பாவுக்கு மாதாவின் காலடியில் இடம் செய்தார்.

அந்தப் பிள்ளை வைகாசியில் பிறந்தது. பெண். செடி அப்போது தினமும் கும்பா கும்பாவாகப் பூத்தது. பறித்ததில் பாதி வேலி தாண்டிப் போயிற்று.

அண்ணி போய் வெகுநாளாகிறது. அவருடைய மகளுக்குச் சேலத்திலேயே உத்தியோகம். வாரம் தவறாமல் என்னைப் பார்க்க வருகிறாள். இந்த மாசியிலும் மழை பெய்தது. தவக்காலம் என்று பார்க்காமல் நான் மொட்டுகளைப் பறித்துக் கும்பாவில் போட்டு, மாடிப்படியில் ஏறி இறங்கும் பெண்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். நேற்று அவள் வந்தபோது கும்பா காலி. தொட்டிச் செடியில் கடுகளவு பச்சை மொட்டுகள் மட்டும்.

"என்ன அத்தை, எல்லாத்தையும் ஊருக்குக் குடுத்துட்டு எனக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே அவசரம்.

"இனிமேத்தான் பூக்கும்" என்றேன்.