சிப்ஸ் மிஷினுக்கு வந்த முதல் வசவு

மிஷின் விற்கும் தொழிலில் 'வேண்டாம்' என்பவரைக்கூடச் சமாளித்துவிடலாம், வாங்கி வைத்துக்கொண்டு சிரிப்பவரிடம்தான் ஒன்றும் செய்ய முடியாது. நான் விற்பது ஏத்தங்காய், அதாவது நேந்திரன் வாழைக்காய், சீவும் மின்சார மிஷின். நாகர்கோவில் சுற்றுவட்டாரச் சிப்ஸ் கடைகள்தான் என் களம். வாராவாரம் அனுப்பும் ரிப்போர்ட்டில் 'சந்தையில் திருப்பம் தெரிகிறதா?' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'விரைவில்' என்று எழுதி எழுதி எனக்கே கூச்சமாகிவிட்டது. சிப்ஸ் அதிகம் விற்கும் ஓணப் பண்டிகைக்குள் திருப்பம் தெரியாவிட்டால் இந்த மாவட்டத்துக்கு ஆள் தேவையில்லை என்றார் மேனேஜர். ஆள் என்றால் நான்தான். மேனேஜர் பெயரைப் போனில் பார்த்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சக விற்பனையாளர்களே, இது உங்களுக்காக.

கைதட்டல்

முதல் டெமோ இரணியலில், தங்கப்பன் அண்ணாச்சி கடையில். அங்கே செல்லத்துரை மாஸ்டர் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே பலகையைப் பிடித்து, காயை நேராகச் சட்டிக்குள் சீவுவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள்.

நான் மிஷினை ஓட்டினேன். மாஸ்டர் ஒரு சீப்பு முடிப்பதற்குள் ஒரு குலையே முடிந்தது. கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி அங்கேயே ஒன்று வாங்கினார். மாஸ்டர் மட்டும் ஒரு வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொள்ளாம் மக்கா, நல்லாத்தான் சீவுது. ஆனா இத நிண்ணு பாக்க எவன் வருவான்?"

உடம்புக்கு ஒன்றுமில்லை

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி கடைக்குப் போனேன். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், காய்ந்த மாலை. அதன்மேல் பழைய வேட்டி, வேட்டியின்மேல் எண்ணெயில் ஊற்றுகிற உப்புத்தண்ணீர்ச் செம்பு. மாஸ்டர் வழக்கம்போல் கையால் சீவிக்கொண்டிருந்தார்.

குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு: "ஒரு கம்ப்ளெய்ன்டும் இல்லவே. வாங்குன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு!"

பின்கட்டுச் சத்தம்

கொட்டாரத்தில் எஸ்தர் அக்கா கடை. அவரும் என்னிடம் ஒன்று வாங்கியிருந்தார். முன்னால் அவர் தம்பி கையால் சீவிக்கொண்டிருக்க, பின்கட்டில் எங்கள் மிஷினின் 'கர்ர்' சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தம்பி சீவுவது பார்ப்பவர்களுக்கு, பாக்கெட்டில் போவது மிஷின் சரக்கு. மிஷினில் சீவியது என்று தெரிந்தால் ஜனம் தொடாது என்று அக்காவுக்குப் பயம். உள்ளே மாவு அரைபடுவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

கடைகடையாகப் போய் இதைச் சொன்னால் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்தார்: "நல்லா ஓடுது தம்பி. ஆனா நீ எவங்கிட்டயும் சொல்லீராத, கேட்டியா?"

ஓணத்துக்கு முந்தின வாரம்

தக்கலை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதி, பையில் வைத்திருந்தேன். போன் வந்தது. செல்லத்துரை மாஸ்டர்! எடுத்ததும் வசவுதான். ஓண ஆர்டர் குவிந்துவிட்டதாம், பத்து நாளாக மிஷின்தான் ஓடுகிறதாம், இன்றைக்கு பிளேடு மழுங்கிக் காய் கிழிகிறதாம். ஏலே, சாமான வித்துட்டு எங்க போய்க் கெடக்க என்று கத்தினார்.

எனக்குள் ஒரு குறும்பு. "புது பிளேடு வர்ற வரைக்கும் கையாலயே சீவலாமே மாஸ்டர்?" என்றேன்.

"இம்புட்டுக் காயையும் கையால சீவதுக்கு எனக்கென்ன பைத்தியமா? பிளேடோட ஒடனே இஞ்ச வாலே!"

அப்பாடா! வாழ்க்கையில் யார் திட்டியும் எனக்கு இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. பிளேடோடு ஓடினேன். சட்டிக்கு முன்னால் அதே கூட்டம், இப்போது மாஸ்டர் உப்புத்தண்ணீர் ஊற்றும்போது எண்ணெய் பொங்கி இரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. மிஷின்மேல் கிடந்த வேட்டியைக் காணோம். அன்று மேனேஜர் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தேன்.

ஒரு தொழிலில் புதுச்சாமான் நிலைத்துவிட்டது என்பதற்கு என்ன அடையாளம் என்று இன்று யார் கேட்டாலும், அந்த வாரம் ரிப்போர்ட் கட்டத்தில் 'விரைவில்' என்பதற்குப் பதிலாக நான் எழுதிய ஒற்றைச் சொல்லைத்தான் பதிலாகச் சொல்கிறேன்: 'திட்டுகிறார்கள்.'