செத்த ராஜாவின் நோட்டு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் செல்லாக்காசு. அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபமே வராது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பெயர் வைத்தவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? வெள்ளைக்காரன் காலத்து நோட்டுகளை வாங்கி விற்பதுதான் மனுஷனின் பிழைப்பு. எந்த வீட்டிலாவது பெரியவர் போய்ச்சேர்ந்தால், பிள்ளைகள் பீரோவைக் குடைந்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு எங்கள் முன்னறைக்கு வருவார்கள். அதுதான் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி.

நோட்டைத் தொடும்முன் கையைக் கழுவி, துடைத்து, காயவைப்பார். சாப்பாட்டுக்குக்கூட அப்படிக் கழுவியதில்லை. வெளிச்சத்தில் பிடித்து மடிப்பைப் பார்ப்பார், ஊசித் துளையைப் பார்ப்பார், கடைசியில் மோந்து பார்ப்பார். இது சமையலறை டப்பாவில் கிடந்தது, இது தலையணைக்கு அடியில் இருந்தது என்று சரியாகச் சொல்வார். கல்யாணமான புதிதில் நான் அந்த அறைப் பக்கமே போகமாட்டேன். யார் யாரோ உட்கார்ந்து தங்கள் காசைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். இப்போதும் தனியாகப் பெருக்கப் போனால் எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டேதான் பெருக்குகிறேன்.

அப்படி வந்ததுதான் வங்கிக் காசாளர் வீட்டுக் கட்டு. அவர் இறந்த பிறகு மனைவியும் ஒரே மகனும் கொண்டுவந்தார்கள். ராஜா தலை போட்ட நோட்டுகள், கை படாத புதுசு, எல்லாம் வரிசை எண்ணில். இவர் எழுந்து போய் இரண்டாவது தடவையும் கை கழுவி வந்து அன்றுதான் பார்த்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நடுவில் ஒரு எண் இல்லை. வரிசை முழுசாக இருந்தால் ஒரு விலை. நடுவில் அறுந்தால் அதில் பாதிகூடத் தேறாது. இருந்தாலும் விற்றுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தம்மா தினமும் மத்தியானம் வர ஆரம்பித்தார். விலை கேட்க வந்ததாகச் சொல்வார். கேட்க மறந்துவிட்டு என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். ஒரு நாள் மனசு விட்டுச் சொன்னார். சாப்பிட்டுக் கண் அசந்தால் பீரோ திறக்கிறதாம். சட்டைகள் ஒவ்வொன்றாக நகர்கிறதாம். பையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்கிறதாம்.

"என்னத்தத் தேடுறாருன்னே புரியலம்மா. நான்தான் வெச்சு அனுப்பிட்டேனே."

மின்மயானத்துக்குக் கொண்டுபோகும்முன், கட்டின் நடுவிலிருந்து ஒரு நோட்டை உருவிக் கணவரின் சட்டைப் பையில் வைத்தாராம். உயிரோடு இருப்பவர்களிடம் செல்லாத நோட்டு, செத்த ராஜாவின் நோட்டு, செத்தவருக்காவது செல்லட்டுமே என்று நினைத்தாராம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். ஒரு மத்தியானம் என் வீட்ல நான் நிம்மதியா கண்ண மூடணும், அவ்ளோதான்" என்றார். அன்றே எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். இவர் கட்டை எடுத்து, எண் அறுந்த இடத்தை மறுபடியும் பிரித்துப் பார்த்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை நேரத்தில், மகன் மட்டும் வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தான். உள்ளே அந்த நோட்டு.

"இதையும் சேத்துடுங்க சார். அம்மா கிறுக்குத்தனமா அப்பா பையில வெச்சிருந்தாங்க. உள்ள அனுப்புறதுக்கு முன்னாடி நான் எடுத்துட்டேன். அவங்ககிட்ட சொல்ல வேணாம்."

அதில் அவனுக்கு ஒரு துளி கூச்சமில்லை. வீணாகப் போக இருந்ததைக் காப்பாற்றிய தோரணை. இவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்க்கவில்லை. ஈரம் பட்டுவிட்டது, கட்டோடு சேராது, தனியாக வேண்டுமானால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். நோட்டு விஷயத்தில் இவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். பேரம் பேசாமல் கொடுத்தார். கூரை ஒழுகுகிறதே என்று நான் சேர்த்து வைத்திருந்ததும் அதில் போனது.

மகன் தெருமுனை தாண்டியதும் பின்பக்கம் போனார். பழைய தட்டில் நோட்டை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். ஓரம் மடங்கினாலே துடித்துப்போகிற மனுஷன், ராஜா முகம் கருகிச் சுருளும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நம்ம காசோடு அந்தம்மா காசையும் சேர்த்து எரித்துவிட்டீர்களே, கட்டு முழுசானால் அவங்களுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கத்தினேன்.

"அவங்க காசா கேட்டாங்க?" என்றார்.

அன்று மத்தியானம் அந்தம்மா வரவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். கதவு ஒருக்களித்திருந்தது. பீரோ திறந்து கிடந்தது, சட்டைகள் ஆடாமல் தொங்கின. அந்தம்மா தரையில் வாய் பிளந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பீரோவை மூடக் கை போனது. தைரியம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

இவர் வாசலிலேயே நின்றிருந்தார். தூங்குகிறார் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு மனசு ஆறவில்லை. இவருக்கும் வயசாகிறது. பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எத வெச்சு அனுப்பணும்? இப்பவே சொல்லிடுங்க."

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"ஒண்ணும் வெச்சிடாத. தேடிக்கிட்டு வர எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல."