வாக்கு நாள் வள்ளம்

வெளிநாட்டில், சட்டன் நகரில் எங்கள் வீட்டு ஹோலில் அன்று இருந்தவர்கள்: ஊரிலிருந்து வந்த வேட்பாளர், அவரைக் கூட்டிவந்த ஊர்க்காரர் ஒருவர், என் மனைவி, நான். நான் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தும் கழற்றவில்லை.

வேட்பாளர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அண்ணை, ஊரிலை இருக்கிற உங்கட அக்காவோடை ஒருக்கால் கதையுங்கோ. அவ சொன்னால் அந்தக் கரை முழுக்க எனக்குத்தான் போடும்" என்றார்.

எங்கள் கிராமம் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம். வாக்குச்சாவடியும் ஆசுபத்திரியும் இந்தப் பக்கம். பாலம் போடுவோம் என்றுதான் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குக் கேட்டார்கள். பாலம் வரவில்லை. வாக்கு நாளில் மட்டும் கட்சிக்காரரின் வள்ளம் வந்து சும்மா ஏற்றிப்போகும். அத்தானுக்கு நெஞ்சு நொந்த அன்று தேர்தல் இல்லை. அக்கா கரையில் நின்று கத்தினாள். வள்ளம் இல்லாமல் அவர் மணலிலேயே செத்துப்போனார்.

நான் அக்காவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை வேட்பாளர் கையில் கொடுத்தேன்.

"அக்கா, வாக்கு நாளண்டு காலமை ஏழு மணிக்கே வள்ளம் அனுப்புறன்."

"அடுத்த நாளும் வருமோ தம்பி?" என்றாள் அக்கா.

ஊர்க்காரர் தலை குனிந்தார். வேட்பாளர் சிரித்தார். நான் போனைப் பறித்து, வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

"என்ன அண்ணை, ஒரு பகிடிக்குச் சிரிச்சனான்…"

"அந்த வள்ளம் இதுவரைக்கும் எத்தினை தரம் வந்தது எண்டு தெரியுமோ?"

அவருக்குத் தெரியாது. அக்கா எண்ணி வைத்திருக்கிறாள்.

பதினொரு தரம்.