தன்னம்பிக்கை டீச்சர்

தையல் சொல்லிக்கொடுத்தால் கடைசியில் ஒரு ஜாக்கெட்டாவது மிஞ்சும். தன்னம்பிக்கை சொல்லிக்கொடுத்தால் எடுத்துக்காட்ட ஒன்றும் இருக்காது.

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எனக்கு அந்த வேலைதான். நாற்பதைத் தாண்டிய பெண்கள் தங்களையும் கொஞ்சம் மதிக்க, நேசிக்கப் பழக வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஆசைப்பட்டது. அதற்காக என்னை ஊர் ஊராக பஸ்ஸில் அனுப்பியது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் இனம். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கண்ணாடி

முதல் வகுப்பில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுற்றுக்கு விடுவேன். அதைப் பார்த்து, தன்னிடம் தனக்குப் பிடித்தது எது என்று சொல்ல வேண்டும். மானாம்பதியில் எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியை அடுத்தவர் மடிக்குத் தள்ளினார்கள். முனியம்மா மட்டும் அதைத் தொடவே இல்லை. புருஷன் செத்த வருஷமே, "இனிமே உனக்கு எதுக்கு இது?" என்று வீட்டில் இருந்த கண்ணாடியை மாமியார் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாராம். பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு முனியம்மா திரும்பி வந்து கையை நீட்டினார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். காதோரத்து நரையைத் தொட்டார். கன்னத்தைத் தடவினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை.

"இத்தினி வருசமா இவமேலதான் கோவமா இருந்துகினு இருந்தேன் டீச்சர். பாவம், இவ இன்னா தப்பு பண்ணா?"

சூடான சோறு

அதே ஊரில் ஒரு வாரம் கொடுத்த வீட்டுப்பாடம் இது: ஒரு வேளையாவது சோறு ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும். அடுத்த வகுப்பு நடக்கும்போது கஸ்தூரியின் புருஷன், வயலில் இருந்து நேராக, சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார். "இன்னா மேடம் சொல்லிக்குடுத்தீங்க? நான் துன்ற நேரத்துக்கு அவளும் தட்டு வெச்சிக்கினு உக்கார்றா. எனக்கு யாரு போடறது?" என்றார். கஸ்தூரி உட்கார்ந்த இடத்தில் இருந்தே, "சட்டி உன் கைக்கு எட்டற தூரத்துலதானே கீது?" என்றார். புருஷன் அதே சேற்றுக் காலோடு திரும்பிப் போய்விட்டார்.

இனி கஸ்தூரி வகுப்புக்கு வரமாட்டார் என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரம் அந்த மனுஷனே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். இறங்கி என் பக்கத்தில் வந்தார்.

"கொயம்பு ஊத்திக்க நானே கத்துக்கினேன் மேடம். அடுத்தது இன்னா சொல்லிக்குடுக்கப் போறீங்கன்னு எனக்கும் ஒரு வார்த்த முன்னாடியே சொல்லிடுங்க."

முடியாது

உத்திரமேரூர் கடைத்தெருவில் மெஹருன்னிசாவின் கணவருக்குப் பாத்திரக்கடை இருந்தது. அவர் பக்கவாதம் வந்து படுத்ததும் மெஹருன்னிசாதான் கடையில் உட்கார வேண்டியதாயிற்று. ஆண்கள் வந்து விலை கேட்டால் குரல் வெளியே வராது. அதற்காகத்தான் என் வகுப்புக்கு வந்தார். "முடியாது" என்ற சொல்லைப் பெரியவர்கள் யாரிடமும் சொன்னதே இல்லை என்றார். இந்த வாரம் ஏதாவது சின்ன விஷயத்துக்கு ஒருதரம் சொல்லிப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அந்த வாரமே கணவரின் அண்ணன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார். கடையை விற்கப் பேசி முடித்தாகிவிட்டது, சாவியைக் கொடு என்றாராம். மெஹருன்னிசா "முடியாது" என்றார். அவர் சிரித்தார். இவர் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு இன்னொருதரம் சொன்னார். எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். பிறகு அந்தக் கடையை மெஹருன்னிசாதான் நடத்தினார். அடுத்த வகுப்பில் இதைச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சின்ன விசயமா பாத்து ஆரம்பிக்கத்தான் சொன்னீங்க மேடம். எனக்குச் சின்னதா ஒண்ணும் வந்து மாட்டல."

குளம்

சின்ன வயதில் எதில் கெட்டிக்காரி என்று ஐயங்கார்குளத்தில் கேட்டேன். "நீச்சல்" என்றார் தனலட்சுமி. கல்யாணமாகி வந்த வீட்டில் பெண்கள் நீந்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பேரன் எடுத்தவர், முழங்கால் வலிக்காரர். "இப்போ நீந்துவீங்களா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். அவர் எழுந்துவிட்டார். வகுப்பே பின்னால் போயிற்று.

மழை பெய்து குளம் நிறைந்திருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கியவர், நான் கூப்பிடுவதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. நடுக்குளத்தில் தலை மறைந்தபோது நான் கத்திய கத்தலில் குளிக்க வந்தவர்கள் ஓடிவந்தார்கள். தலை இன்னும் தள்ளி எழுந்தது. மல்லாந்து மிதந்துவிட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் திரும்பி வந்தார். படியேறி முடியைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களா மேடம்? எனக்கும் எறங்கறப்போ பயமாத்தான் இருந்துச்சி. நடுவுல போனப்புறம் திரும்பி வரத்தான் மனசே வரல."

மேலதிகாரி

வாலாஜாபாத்தில் ஒரு நாள் எங்கள் நிறுவனத்தின் மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வந்தார். சுவரில் பேனர் கட்டவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திட்டத் தொடங்கினார். நான் தலைகுனிந்து "சாரி சார், சாரி சார்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பின்வரிசையில் இருந்து ராணி எழுந்தார். ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் வேலை அவருக்கு. மாதக்கணக்கில் வந்தும் வகுப்பில் வாயே திறக்காதவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வேண்டாம், உட்காருங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.

"சார், நாலு பேரு எதிர்ல யாரையும் மட்டமா பேசக்கூடாதுன்றதுதான் இங்க மொதப் பாடம். நீங்க லேட்டா வந்துட்டீங்க, அதான் தெரியல. உக்காருங்க, டீச்சர் திரும்பச் சொல்லுவாங்க."

வகுப்பில் இருப்பவர்களிலேயே பயந்த ஆள் டீச்சர்தான் என்று ஆகும்போது இந்த வேலையை நன்றாகச் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.