தைத்து மூடிய பொக்கற்

போன ஞாயிறு மத்தியானம் அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, என்ர வேலை ட்ரவுசருக்குள்ள என்னத்தை வச்சுத் தைச்சனீங்கள்?"

ஹலோ இல்லை. சாப்பிட்டீங்களோ இல்லை. அமெரிக்காவிலிருந்து என் மகள் தர்ஷினி. ரசச் சட்டியோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தர்ஷினி இங்கே லண்டனில் சுற்றுலாத்துறை படிக்கிறாள். படிப்பில் ஒரு வருஷம் வெளியூர்ப் பயிற்சி. மற்றப் பிள்ளைகள் பாரிஸ், ரோம் என்று கிளம்ப, இவளுக்குக் கிடைத்தது அமெரிக்காவின் நடுவில், சோளமும் மாடும் மட்டுமே உள்ள ஒரு மாநிலம். அங்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு கசினோ! மேசையில் ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் பிரித்துப் போடுகிற வேலை.

"சூதாட்டத்தைப் பாக்கவோ சனம் டூர் வருது?" என்றார் என் கணவர்.

"சோளத்தைப் பாக்க ஆர் அப்பா வருவினம்? அங்க ஃபாக்டரி எல்லாம் பூட்டியாச்சு. கசினோ வந்த பிறகுதான் பஸ் பஸ்ஸா சனம் வருதாம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரையும் போட்டிருக்கினமாம்."

"எண்டாலும் சூது சூதுதான்."

"போன சம்மர் சவுத்எண்ட் கடற்கரையில, ரெண்டு பென்ஸ் போட்டு ஆடுற சூது மெசினுக்கு முன்னால இருந்து உங்களை இழுத்துக்கொண்டு வந்தது ஆர்?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். விவாதம் அதோடு முடிந்தது.

நான்? வெம்பிளிக் கடையில் சந்தித்த புவனா அக்காவிடம், "மகளுக்கு அமெரிக்காவில ஹொட்டேல் வேலை" என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. கசினோவுக்கு மேல்மாடியில் ஹொட்டேலும் இருக்கிறது.

கசினோக்காரர்கள் கறுப்பு ட்ரவுசர்கள் கொண்டுவரச் சொன்னார்கள். காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை எதுவும் உள்ளே நழுவிவிடாதபடி பொக்கற்றுகளைத் தைத்து மூடியிருக்க வேண்டுமாம். தையல் மெசின் முன்னால் நான் உட்கார்ந்தேன். பிள்ளை முதல் தடவையாகத் தனியே போகிறாள். போகிற இடமோ... பொக்கற்றை வெறுமையாகவா மூடுவது? ஆர்ச்வே முருகன் கோயில் திருநீற்றைச் சின்னப் பொலித்தீன் பையில் மடித்து, ஒன்றுக்குள் வைத்து, இரட்டைத் தையல் போட்டேன். நீங்கள் என்றால் வைத்திருக்க மாட்டீர்களா?

அந்த ஊரில் டொறத்தி என்ற பெண்மணிதான் இவளுக்கு மேலதிகாரி. ஒருநாள் வேலைக்கு முன் உடுப்பைத் தடவிச் சோதித்தபோது அவர் கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. கத்தரிக்கோல் எடுத்துப் பிரித்தார்.

தைத்து மூடிய பொக்கற். பொலித்தீன் பை. வெள்ளைப் பொடி. அதுவும் கசினோவில்!

"மணத்திலயே திருநீறு எண்டு எனக்கு விளங்கிட்டுது. இது சாம்பல் எண்டு சொன்னன். ஒருத்தரும் நம்பேல்லை. நம்பட்டும் எண்டு ஒரு கிள்ளு எடுத்து வாயில போட்டன்."

"ஐயோ! ஏன் பிள்ளை வாயில போட்டனீ?"

"கோயில்ல நீங்கள் அப்பிடித்தானே செய்யிறனீங்கள்?"

பொலிஸ் வந்துவிட்டது. பொடியைச் சோதிக்க எடுத்துக்கொண்டு, இவளை ஓர் அறையில் இருத்தினார்கள். வேலை போகுமா, பிளேனில் திருப்பி அனுப்புவார்களா, அதைவிட மோசமா... ஒன்றும் தெரியாமல் என் பிள்ளை தனியே இருந்திருக்கிறாள். அந்த நேரம் நான் இங்கே நிம்மதியாக இருந்திருக்கிறேன் — திருநீறு காவல் என்று!

கடைசியில் சாம்பல்தான் என்று உறுதியாகி, மிச்சப் பொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாம் ஓய்ந்து சில நாள் கழித்துத்தான் எனக்குச் சொல்கிறாள்.

"இப்ப வேலை?"

"இருக்கம்மா. டொறத்தி சொன்னா, ஒளிச்சு வச்சதுதான் பிழையாம். கசினோவில எல்லாம் கமெராவுக்குத் தெரியவேணுமாம். வேணுமெண்டால் வெளியில தெரிய நெத்தியில பூசட்டாம்."

"நீ என்ன செய்தனீ?"

"பூசினன்."

நம்ப முடிகிறதா? ஆர்ச்வேயில் கோயிலை விட்டு இறங்கி ரியூப் ரயில் ஸ்டேஷன் வருவதற்குள் நெற்றியைத் துடைத்துவிடுகிற பிள்ளை! இப்போது சோள தேசத்தில், மூன்று குறியோடு சீட்டுப் போடுகிறாள். பஸ்ஸில் வருகிற கிழவிகள் ராசியான பிள்ளை என்று அவளுடைய மேசையைத் தேடி வருகிறார்களாம். படமும் எடுக்கிறார்களாம்.

"அப்ப முருகன் கசினோவின்ர பக்கமோ, கிழவியளின்ர பக்கமோ?" என்று கணவர் கேட்டார். பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பது கசினோ. நான் போய் முருகன் படத்துக்கு இன்னொரு பூ வைத்தேன்.

சூது என்று இவ்வளவு பயந்தேனே... அன்றைக்கு ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி, வீட்டையும் வேலையையும் விட்டு, இவளையும் கையில் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் உள்ளே விடுவார்களா என்றும் தெரியாமல் நாங்கள் பிளேன் ஏறினோம். அது மட்டும் என்ன, நிச்சயமான ஆட்டமா? அவளுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதே பிழை.

நேற்று புவனா அக்கா திரும்பவும் எதிர்ப்பட்டார். "மகள் எப்பிடி?"

"நெத்தி நிறையத் திருநீறோட வேலைக்குப் போறா அக்கா."

"நல்ல சைவக்காரரின்ர ஹொட்டேல் போல... என்ர மகனுக்கும் அங்க ஒரு இடம் இருக்கோ எண்டு கேட்டுப் பாருமன்!"