மர்ஜியா கண் திறந்த விமானம்

மர்ஜியா என்ற பெயரைப் பத்ருன்னிசா முதன்முதலில் கேட்டது சின்ன நாத்தனார் வீட்டு வலீமா கல்யாண விருந்தில். "மதார் அண்ணன் மவ மர்ஜியா, தங்கமான புள்ள" என்று பந்தியில் யாரோ சொன்னார்கள். அதிலிருந்து நாலாவது மாதம், அந்தப் பெண் பத்ருன்னிசாவின் மகன் ஹஸ்ஸானுக்கு மனைவியாகி லெப்பைக்குடிக்காட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஹஸ்ஸானுக்குத் துபாயில் கடை வேலை. மூன்று வருடம் கழித்து, 2006இல், மனைவிக்கு விசா அனுப்பினான். திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டுச் சொந்தபந்தமெல்லாம் வேன் ஏறும் நேரம், உள்ளே போனவள் திரும்பி வந்தாள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருந்தார்கள். ஒரு காலில் செருப்பில்லை. விமானக் கதவை மூடுவதற்குள் மூச்சடைத்து, இருக்கையை விட்டு எழுந்து கத்தியிருக்கிறாள்.

வேன் பாடாலூரைத் தாண்டியதும் பத்ருன்னிசா ஆரம்பித்தார்.

"ஊருல எத்தன பொம்பளைங்க போறாளுவ. இவள மட்டும் ஏரோப்ளான் கடிச்சிடுமாக்கும். நடிக்கிறா."

விசாவுக்கு இரண்டு மாதம்தான் தவணை. "இது போச்சுன்னா மொதலாளி மறுபடி எடுத்துத் தர மாட்டாரும்மா" என்றான் ஹஸ்ஸான் போனில். இந்தப் பயத்தைப் போக்கத் திருச்சியில் ஒரு டாக்டர் இருப்பதாக அவனே விசாரித்துச் சொன்னான்.

மாமியாரும் மருமகளும் பெரம்பலூரில் பஸ் மாறிப் போனார்கள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் அறையில் விமான இருக்கை மாதிரி ஒரு நாற்காலி. கண்ணை மறைத்துத் தலையில் மாட்ட ஒரு கறுப்புப் பெட்டி. மாட்டினால் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகவே தெரியுமாம். உள்ளே தெரிவது மேஜை மேல் இருந்த டிவியிலும் ஓடியது. இன்ஜின் இரைந்தது, நாற்காலி அதிர்ந்தது. மர்ஜியாவின் பாதம் இருப்பது தரையில். ஆனால் முகமெல்லாம் வியர்வை. பத்ருன்னிசா திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"பயம் பத்துக்கு எவ்வளவும்மா?" என்றார் டாக்டர்.

"பத்து."

"பயப்படட்டும்மா" என்றார் பத்ருன்னிசாவிடம். "பார்த்துப் பார்த்துத்தான் இறங்கும்."

படியிறங்கும்போது பத்ருன்னிசா மருமகள் காதில் சொன்னார். "பஸ் கெளம்புறப்ப நாம கண்ண மூடி ஆயத்துல் குர்ஸி ஓதுவோம்ல, அப்படி ஓதிக்க புள்ள."

அந்த வீட்டுப் பெண்கள் எந்த வண்டி நகர்ந்தாலும் அந்தக் குர்ஆன் வசனத்தை ஓதி முடிக்காமல் கண் திறப்பதில்லை.

அடுத்த வாரம் பயம் மூன்று என்றாள். அதற்கடுத்த வாரம் இரண்டு. நாடித்துடிப்பும் இறங்கியிருந்தது. "இன்னும் ஒரு தடவை, அப்புறம் டிக்கெட் போட்டுடலாம்" என்று டாக்டர் சிரித்தார்.

நாலாவது தடவை பத்ருன்னிசா டிவியைக் கவனித்தார். முதல் நாள் மர்ஜியா தலை திரும்பிய பக்கமெல்லாம் படமும் திரும்பியது. இன்று காலண்டர் படம் மாதிரி அப்படியே நின்றது. பெட்டிக்குக் கீழே மருமகளின் உதடு மட்டும் அசைந்தது.

"டாக்டர், அவ கண்ணத் தொறக்கவே இல்லைங்க."

பெட்டியைக் கழற்றினார்கள். இமை இறுக மூடியிருந்தது.

"மாமிதானே சொன்னீங்க" என்றாள் மர்ஜியா மெதுவாக.

மூன்று வாரம் வீண். விசா முடியப் பத்தொன்பது நாள். பத்ருன்னிசா அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டி, "அத எனக்கு மாட்டுங்க" என்றார்.

நாற்காலி அதிர்ந்தது. தரை கீழே போயிற்று. வீடுகள் தீப்பெட்டியாகிக் காணாமல் போயின. இருப்பது டாக்டர் அறை என்று தெரிந்தும் அவர் கை துழாவி, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தது. கழற்றியபோது நாக்கு வறண்டிருந்தது.

"நீ நடிக்கல புள்ள" என்றார்.

"உங்களுக்கு எத்தன மார்க் மாமி?"

"பன்னெண்டு."

அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் போனார்கள். ஓதி முடித்துவிட்டுத்தான் பெட்டியை மாட்ட வேண்டும், கண்ணை மூடக்கூடாது என்றார் டாக்டர். பயம் மறுபடி பத்துக்கு ஏறியது. பிறகு எட்டு, ஆறு. ஐந்துக்குக் கீழே இறங்கவேயில்லை.

"அஞ்சுலயும் ஏறலாம்மா" என்றார் டாக்டர்.

விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது ஏறினாள். பத்ருன்னிசா வேனில் ஏற மறுத்து, அன்று அவள் திரும்பி வந்த வாசலையே பார்த்து நின்றார். விமானம் கிளம்பி ஒரு மணி நேரமாகியும் யாரும் வெளியே வரவில்லை.

மர்ஜியா இப்போது துபாயில், தேரா பகுதியில், நாலாவது மாடியில் ஹஸ்ஸானோடு இருக்கிறாள்.