எட்டாம் நாளைத் தாண்டியவள்

ஆய்வறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக விளக்கை அணைக்கிறாள் என் நாத்தனார். அடுத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறாள். ஒற்றைத் தலைவலிக்காரி, கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் மண்டை பிளந்துவிடும். மேசையோரத்தில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு அவளுக்குப் போதும். அந்த அரையிருட்டில் தட்டிலிருந்து பழைய சத்துத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுகிறாள். தட்டில் இருப்பவை ஸ்டெம் செல்கள். அவற்றை நரம்பு செல்களாக வளர்ப்பதுதான் அவள் வேலை.

ஞாயிறு, திங்கள் எதுவும் கிடையாது. தன் கல்யாணத்தன்று காலையில்கூடக் காணாமல் போய்விட்டாள். “எங்கடி போய்த் தொலைஞ்சே?” என்றேன். “அதுங்களுக்குப் பசிக்கும்ல அண்ணி” என்றாள். மாப்பிள்ளை அன்றைக்கே புரிந்துகொண்டுவிட்டார், புண்ணியவான்.

ஒன்பது வருட உழைப்பு ஒரு கட்டுரையாக வெளிவந்தது. அவள் வளர்த்த நரம்பு செல்கள் அறுபது நாள் உயிரோடிருந்து ஒன்றுக்கொன்று சேதி அனுப்பின. அதைப் படித்த மற்ற ஆய்வாளர்கள் அதேபோல் செய்து பார்த்தார்கள். எல்லாருக்கும் எட்டாம் நாளே செத்துப்போயின. கதை விட்டிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. “மாசக் கடைசிக்குள்ள கட்டுரையை வாபஸ் வாங்கிடும்மா. கௌரவமாப் போயிடும்” என்றார் அவளுடைய ஆய்வு நிலைய இயக்குநர்.  அவள் சாப்பாட்டில் கை வைக்காமல், “நான் பொய் சொல்லலை அண்ணி” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள், அதிகமாகத் தூற்றிய பேராசிரியருக்கே போன் போட்டாள். “வந்து என் பக்கத்துல நில்லுங்க. நான் மூக்கைச் சொறிஞ்சாக்கூட எழுதிக்குங்க.”

மனிதர் நோட்டும் கையுமாக வந்துவிட்டார். முதல் நாளே தடுமாறினார். “எழுதுறது தெரியலை மேடம், லைட்டைப் போடட்டுமா?”

“வேண்டாம் சார், தலைவலி வந்துடும். ஒன்பது வருஷமா இப்படித்தான்” என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டுரையில் எல்லாம் இருந்தது, இருட்டைத் தவிர. சொந்தத் தலைவலியை யார் கட்டுரையில் எழுதுவார்கள்?

ஒரே திரவத்தை இரண்டு புட்டிகளில் எடுத்தார்கள். ஒன்றை விளக்கடியில் வைத்தார்கள், மற்றதை அலுமினியத் தாளால் சுற்றினார்கள். விளக்கடித் திரவம் குடித்த செல்கள் எட்டாம் நாள் பூண்டோடு அழிந்துபோயின. மற்ற தட்டில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் பட்டுத் திரவமே விஷமாகியிருந்தது. பேராசிரியர் அங்கேயே நின்று இயக்குநருக்குப் போன் செய்தார். “அந்தக் கட்டுரையை யாராவது வாபஸ் வாங்கினா நான் சும்மா இருக்க மாட்டேன் சார். தப்பு எங்க மேல.” சாப்பாடு கொண்டுபோயிருந்த எனக்கு, மொட்டை மாடியில் ஏறி ஊருக்கே கேட்கக் கத்தவேண்டும்போல் இருந்தது.

பத்தே நிமிடத்தில் இயக்குநர் வந்தார். ஒன்பது வருடத்தில் அந்த அறைக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. “நான் உன் நல்லதுக்குத்தாம்மா...” என்று இழுத்தார். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, மைக்ரோஸ்கோப் முன்னால் அவரை உட்கார வைத்தாள்.

குனிந்து பார்த்தார். “ஒண்ணும் தெரியலையேம்மா.”

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தா சரியாத் தெரியாது சார்” என்று அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தன் கையாலேயே கழற்றி, தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.